பாதி மணல், பாதி நீலக் கல்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. அவள் பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் ஐந்தாம் மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த கணவர் மறுபடி எழுந்திருக்கவில்லை என்று உடன் வேலை பார்த்தவர் போனில் சொன்னார். இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் படியேறித்தான் வேலைக்குப் போவார். “மிட்டாய்க்கடைக்காரன் மிட்டாய் தின்பானா?” என்று அதற்கு ஒரு நியாயம் வேறு.

அவருடைய தங்கை அவருக்கு வைத்திருந்த பெயர் அரைக்கிணறு. ஒரு வேலையையும் ஒரே மூச்சில் முடித்ததில்லை மனிதர். ஹாலுக்கு வர்ணம் அடித்தால் ஒரு சுவர் இந்த மாதம், எதிர்ச்சுவர் அடுத்த மாதம். அலமாரியை ஒழித்தால் மேல்தட்டு மட்டும்.

“அண்ணனுக்குத் தும்மல் வந்தாக்கூட பாதியில நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிடும், அண்ணி” என்பாள் நாத்தனார்.

அவர் கோபப்பட மாட்டார். “ரெண்டு லிஃப்டையும் ஒரே நாள்ல நிறுத்திட்டா ஜனங்க எப்படி மேல போறது?” என்பார். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் ஒருவருக்கும் புரிந்ததில்லை.

ஹாலில் நான்கடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி. வைத்து ஒன்பது வருடம். ஏழு தங்கமீன்கள். மூத்தது உள்ளங்கை அகலம் இருக்கும். அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். யார் வந்தாலும் கண்ணாடியோரம் வந்து மேலும் கீழும் பார்க்கும். லிஃப்டைச் சோதிக்க வரும் அதிகாரி அப்படித்தான் பார்ப்பாராம்.

தொட்டியின் அடியில் கிடந்த நீலக் கற்களில் சாயம் உரிய ஆரம்பித்திருந்தது. ஃபில்டரும் கிழட்டு மோட்டார் மாதிரி உறுமியது. இறப்பதற்கு மூன்று நாள் முன்னால் அவர் தொட்டியின் நடுவே ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, இடப்பக்கக் கற்களை மட்டும் அள்ளிவிட்டு, அலசிய ஆற்றுமணலைப் பரப்பினார். புது ஃபில்டரை மாட்டினார், பழையதைக் கழற்றவில்லை. இரண்டும் சேர்ந்து ஓடின. ‘வேலை நடக்கிறது’ என்று எழுதிய லிஃப்ட் அட்டை ஒன்றைத் தொட்டியின் மூலையில் தொங்கவிட்டுக் கைகழுவப் போனார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். “பாவம், இதையும் பாதியில விட்டுட்டுப் போயிட்டாரே” என்றார் ஒரு பெரியவர். அவர் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அது முள்ளாகத் தைத்தது. செத்த பிறகுமா ஒரு மனிதனுக்கு அந்தப் பெயர்?

பதினைந்தாம் நாள், சனிக்கிழமை, அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மீதி நீலக் கற்களை ஒன்று விடாமல் அள்ளித் தொட்டித் தண்ணீரோடு வாளியில் போட்டாள். பழைய ஃபில்டரைக் கழற்றி அதே வாளியில் அமிழ்த்தினாள். மீதி மணலைப் பரப்பி, டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, காலி டிரம்மை மறுபடி நிரப்பி வைத்தாள். அட்டையையும் கழற்றினாள். தொட்டி கண்ணாடிக்கடை போல மின்னியது. இறந்தவரின் பெயரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் நண்பகலில் ஏழு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. யாரோ புகை போட்டதைப் போலத் தண்ணீர் கலங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. அவள் கண்ணாடியைத் தட்டினாள். அது திரும்பிப் பார்க்கவில்லை.

தொட்டிமீன் விற்கும் மீன்கடைக்காரருக்குப் போன் செய்து, செய்ததையெல்லாம் சொன்னாள்.

“கல்லு, ஃபில்டர் ரெண்டையும் ஒரேயடியா எடுத்துட்டீங்களா? ஐயோ அக்கா! தொட்டியோட உயிரே அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கும். மீனோட கழிவைத் தின்னு தீர்க்கிற கிருமி அது. புதுசுல அது இன்னும் ஊறியிருக்காது. இப்ப அதுங்க சொந்த மூத்திரத்துலயே மூச்சுத் திணறுதுங்க.”

“நான் வேலையை முடிச்சு வைக்கலாம்னுதான்…”

“ஒரு பக்கத்தை நிறுத்தினா இன்னொரு பக்கம் ஓடணும்னு அண்ணன்தானே எனக்கே சொல்லுவாரு, லிஃப்ட் கணக்கா! சரி, அதை விடுங்க. பழைய ஃபில்டர் எங்க? அந்தப் பஞ்சைக் கழுவிட்டீங்களா?”

குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் போனோடு ஓடினாள். உதவிக்கு வந்திருந்த நாத்தனார் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். இடது கையில் கறுத்த பஞ்சு, வலது கையில் சோப்புத் தூள்.

“போடாதே! கீழ வை! அதை அப்படியே கீழ வை!”

“என்ன அண்ணி, கையில பாம்பைப் பிடிச்ச மாதிரி கத்துறீங்க? சாக்கடை மாதிரி இருக்குது, அதான்…”

“மோந்து பாக்கச் சொல்லுங்க,” என்றது போன். “அழுகின முட்டை நாத்தம் அடிச்சா உள்ள போடாதீங்க, இருக்கிறதும் செத்துடும். மண்ணு வாசனைன்னா உயிர் இருக்கு.”

நாத்தனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள்.

“மண்ணுதான்,” என்றாள் நாத்தனார். “ஈர மண்ணு.”

கடைக்காரர் போனில் சொல்லச் சொல்ல இருவரும் வேலையில் இறங்கினார்கள். டிரம்மிலிருந்து நேற்றுப் பிடித்த தண்ணீர். பாதித் தொட்டியை இறைத்து, பாதியை நிரப்பினார்கள். வலப்பக்க மணலை ஒரு தட்டால் வாரி எடுத்துவிட்டு, இறைத்த தண்ணீரிலேயே நீலக் கற்களை அலசி அங்கே திரும்பப் போட்டார்கள். அண்ணி பழைய ஃபில்டரை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். ஓடவில்லை. பிளக்கை அழுத்திச் செருகினாள். ஒரு செருமல், ஒரு விக்கல், பிறகு பழைய உறுமல். ஒன்பது வருடம் காதைக் குடைந்த சத்தம்.

மாலைக்குள் இரண்டு மீன்கள் செத்தன. இன்ஸ்பெக்டர் அடியில், கல்லோரமாகச் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. மறுநாள் பாதித் தண்ணீர், அதற்கடுத்த நாள் பாதி. நாத்தனார் தன் வீட்டுக்குப் போகாமல் டிரம்மை நிரப்பிக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் காலையில் நாத்தனார் தொட்டிக்கு முன்னால் காபியோடு நின்றபோது இன்ஸ்பெக்டர் மெல்ல எழும்பி, கண்ணாடியோரம் வந்து, அவளை மேலும் கீழும் பார்த்தது.

“அண்ணி, இங்க வாங்களேன்! என்னையப் பாக்குது!” என்றாள். “அரைக்கிணறு வளர்த்ததுல்ல, அதான் பாதி செத்துட்டுத் திரும்பி வந்திருக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

‘வேலை நடக்கிறது’ அட்டை மறுபடி மூலையில் தொங்குகிறது. வலப்பக்கத்தை மாற்ற இரண்டு மாதம் போகட்டும் என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு மாதமும் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அலசிய மணல் வாளியில் தயாராக இருக்கிறது. வலப்பக்கத்தில் இன்னும் நீலக் கல்தான்.