சாவியக்காவின் பென்சில் வட்டம்

மண்டபத்துக் கதவைத் திறந்ததும் சாவியக்கா விளக்கைப் போடமாட்டார். இருட்டிலேயே நின்று, கண்ணை மூடி, மூக்கை உறிஞ்சி ஒரு சுற்று முகர்வார். முந்தின நாள் விருந்தின் கறி வாடை திரைச்சீலையில் ஒட்டியிருந்தால், "இன்னிக்கு வர்றவங்க மூஞ்சியச் சுளிப்பாங்க" என்று முணுமுணுத்தபடி எட்டு ஜன்னலையும் திறந்துவிட்டு, திரைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார். விளக்கு அதற்குப் பிறகுதான்.

நகராட்சிப் பொது மண்டபத்தின் பொறுப்பாளர் அவர். சாவியக்கா என்பது இடுப்புச் சாவிக்கொத்தால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவார். இந்த நகரத்தில் எத்தனை விதமான ஜனங்கள் உண்டோ அத்தனை பேருக்கும் பண்டிகை இங்கேதான். செருப்பை வெளியே விடுகிறவர்கள், தலையை மூடிக்கொள்கிறவர்கள், நாற்காலியே ஆகாதவர்கள், மேளம் இல்லாமல் மூச்சே விடாதவர்கள் என்று யாருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. "அவங்க சாமி என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது. எத்தனை பாய் கேக்கும்னு தெரியும்" என்பார்.

புகை போட்டுக் கும்பிடுகிறவர்கள் வந்தால் கூடுதல் வேலை. கூரையிலிருக்கும் புகை அலாரத்தை ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க அனுமதி வாங்குவார். பிறகு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, சாமிக்கு முதுகைக் காட்டி, கூரையையே பார்த்துக்கொண்டு நிற்பார். உட்காரச் சொன்னால், "இந்த ஒரு மணி நேரத்துக்கு நாந்தான் அலாரம். அலாரம் உக்காருமா?" என்று கேட்பார்.

அவருடைய பெரிய டைரியில் ஒரே ஒரு பென்சில் வட்டம் உண்டு. பிறை தெரிந்தால் மறுநாள் பண்டிகை கொண்டாடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தெரியாவிட்டால் பண்டிகை இன்னொரு நாள் தள்ளிப்போகும். அவர்கள் பதிவு செய்வது ஒரு நாளைத்தான். அதற்கு அடுத்த நாளைச் சாவியக்கா யாருக்கும் கொடுக்காமல் வட்டம் போட்டு வைத்திருப்பார். நகராட்சி விதியில் அந்த வட்டத்துக்கு இடமில்லை. அது அவர் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான்.

இந்த வருடம் அதை அழித்தது அவர்தான்.

அவருடைய சொந்த ஜனங்கள் நகரத்தின் மறுகோடியில் ஒரு கூடத்தில் பண்டிகை கொண்டாடுவார்கள். அந்த நாளில் இவர் இங்கே யாருக்காவது பாய் விரித்துக்கொண்டிருப்பார். பதினான்கு வருடமாக அப்படித்தான். இந்தத் தடவை அந்தக் கூடம் ஒழுகியது. "சனிக்கிழமை உன் மண்டபத்தக் குடும்மா. நீயும் ஒரு தடவ எங்களோட நின்னு கும்பிடலாம்ல" என்றார் அண்ணன். வட்டம் இருந்ததே அந்தச் சனிக்கிழமையில்தான். ஆனால் மூன்று வருடமாகப் பிறை முதல் நாளே தெரிந்திருந்தது. ஆசை கண்ணை மறைத்தது. ரப்பரை எடுத்தார்.

வியாழன் மாலை பிறைக்காரர்களின் செயலாளர் போன் செய்தார். ஓய்வுபெற்ற தையல்காரர், அதிராமல் பேசுகிறவர். "ஒரே மேகம் அக்கா. வெள்ளி இல்ல, சனிக்கிழமைதான்." இடமில்லை என்று சொன்னால் கேட்பார் யாருமில்லை. "வாங்க. காலையில உங்களுக்கு" என்றார்.

அண்ணனிடம் இரண்டு மணிக்கு வரச் சொன்னபோது அவர் கொதித்துப்போனார். "ஊருக்கெல்லாம் செய்வ, சொந்த ஜனம் மட்டும் வாசல்ல நிக்கணுமா?"

"தப்பு எம்மேலதாண்ணே. அவங்களுக்குன்னு வெச்சிருந்த நாள உங்களுக்கும் குடுத்துட்டேன்." அண்ணன் போனை வைத்துவிட்டார்.

தையல்காரரிடமும் எதையும் மறைக்கவில்லை. வட்டத்தை அழித்ததைச் சொன்னார். அவர், "உங்க ஆளுங்களுக்கு எது ஆகாது?" என்று மட்டும் கேட்டார்.

"அன்னிக்குக் கறி வாடை ஆகாது."

"அப்ப சாப்பாட்ட வெளியில மரத்தடியில வெச்சுக்கறோம்."

சனிக்கிழமை பன்னிரண்டரைக்குத் தொழுகையும் விருந்தும் முடிந்தன. புத்தாடையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு ஆண்கள் தரையைத் துடைத்தார்கள். வாடையே இல்லாத தரை அது, ஆனாலும் துடைத்தார்கள். சாவியக்கா கண்ணை மூடி முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்த அண்ணன் வாசலில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் குனிந்து, சுருட்டிய கம்பளம் ஒன்றின் மறுமுனையைத் தூக்கினார்.

இரண்டரைக்கு அண்ணனின் ஆட்கள் விளக்கேற்றிப் புகை போட்டார்கள். சாவியக்கா வழக்கம்போல் சிலிண்டரோடு, முதுகைக் காட்டி, கூரையைப் பார்த்து நின்றார். முன்வரிசையிலிருந்து அண்ணி கையசைத்துக் கூப்பிட்டார். இவர் தலையாட்டி மறுத்தார். பதினான்கு வருடம் காத்திருந்து, பத்தடி தூரத்தில் நின்றும் அவரால் திரும்ப முடியவில்லை.

கம்பளங்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொண்டு போக வந்த தையல்காரர், செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"குடுங்க அக்கா. இன்னிக்கு நான் அலாரம்."

அவரை மேலும் கீழும் பார்த்தார் சாவியக்கா. சிலிண்டரைக் கொடுத்தார். நான்கு அடி நடந்தவர் திரும்பி வந்து, தையல்காரரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த குழாயின் வாயை வெளிப்பக்கம் திருப்பிவைத்தார். பிறகு, இடுப்புச் சாவிக்கொத்து சத்தம் போடாமல் இறுகப் பிடித்துக்கொண்டு, விளக்கைப் பார்த்து நடந்தார்.