சங்கு ஊதாத மத்தியானம்

ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. ஆபீஸில் உட்கார்ந்தபடி ஷெட்டுகளைப் பார்க்கக் கேமரா வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். நெட்வொர்க் வேலைக்கு விருதுநகரிலிருந்து நான் போனேன். அதுவரை ஷெட்டுகளுக்குப் போகும் கேபிளில் ஒரே ஒரு நெட்வொர்க்தான் ஓடியது, அபாயச் சங்குக்கு. அதே கேபிளில் கேமராவுக்கும் தனி நெட்வொர்க் விட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு ரூட்டரில் வழி கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். திமிர், வேறென்ன!

கேபிளில் எந்தெந்த நெட்வொர்க் போகலாம் என்று சுவிட்சில் ஒரு பட்டியல் உண்டு. புதியதைச் 'சேர்' என்று கட்டளை கொடுக்க வேண்டும். அந்தச் 'சேர்' விட்டுப்போனால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளும். எனக்கு விட்டுப்போனது. திரையில் படம் பளிச்சென்று வந்தது. முதலாளி டீ வரவழைத்தார். சங்கை நான் சோதிக்கவில்லை. சீசன் நேரத்தில் சும்மா ஊதினால் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். அதனால் அங்கே யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

மத்தியானம் மேற்கே வானம் கறுத்து இடி உறுமியது. இடி கேட்டால் வெடிமருந்து ஷெட்டில் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது. ஃபோர்மேன் ஆபீஸுக்குள் வந்து சங்குப் பொத்தானை அமுக்கினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் குனிந்தபடி மருந்து திணித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

"என்ன தம்பி, ஒருத்தியும் எந்திரிக்கலையே! என்ன செஞ்சு தொலைச்சீக?" என்று ஃபோர்மேன் கத்தினார்.

போன் செய்யவும் வழியில்லை. செல்போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷெட்டுகளோ தள்ளித் தள்ளி இருந்தன. ஃபோர்மேன் செருப்பை உதறிவிட்டு அந்தப் பக்கம் ஓடினார். நான் சுவிட்சின் பட்டியலைத் திறந்தேன்; சங்கின் நெட்வொர்க் அதில் இல்லை. கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்தேன். ஜன்னலுக்கு வெளியே மின்னல் வெட்டியது. பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு மூன்றாவது முறை 'சேர்' போட்டு அடித்தேன். பொத்தானை அமுக்கினேன். சங்கு அலறியது. திரையில் எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

பெண்கள் மழையில் நனைந்தபடி வந்து ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். சும்மா இருக்க முடியாமல், முன்னால் நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"இடிச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையாக்கா?"

அவர் கையில் ஒட்டியிருந்த மருந்தை மழைத்தண்ணீரில் கழுவிக்கொண்டே சொன்னார்.

"கேட்டுச்சுய்யா. ரெண்டு மூணு தரம் கேட்டுச்சு. சங்கு ஊதலையே, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு இருந்துட்டோம்."