தீர்த்தகிரியின் உள்ளங்கால்

தீர்த்தகிரிக்குத் தன் மச்சான் தாண்டவராயனைக் கண்டாலே ஆகாது. புதூர்நாட்டுப் பக்கம் ஜீப் ஓட்டுகிற எனக்கு, யார் யாரோடு ஒரே சீட்டில் உட்காரமாட்டார்கள் என்பது அத்துப்படி. தாண்டவராயன் உள்ளே இருந்தால் தீர்த்தகிரி பின்னால் தொங்கிக்கொண்டுதான் வருவார், ஐம்பத்திரண்டு வயதில்.

எல்லாம் ஒரு புளியமரத்துக்காக. எங்கள் ஊர் காளியம்மன் கோயில் மரத்தில் மாசி மாதம் ஒருவர் ஏறி முதல் உலுக்கு உலுக்கி, அந்தப் புளி அம்மனுக்குப் போன பிறகுதான் மற்றவர்கள் தங்கள் மரங்களில் கால் வைக்கலாம். செருப்பும் கூடாது, கயிறும் கூடாது. மேல்கிளையைக் கையால் பிடித்துக்கொண்டு, நிற்கிற கிளையை மிதித்துக் குதிக்க வேண்டும். இருபத்தோரு வருடமாக அது தீர்த்தகிரியின் வேலை. நாலைந்து வருடம் முன்னால் ஊரில் பேச்சு கிளம்பியது, “தாண்டவராயன் ஏறுனா கிளைக்கே தெரியாது” என்று. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல். பெண்டாட்டி சாந்தம்மாள் தன் தம்பி தட்டில் எத்தனை கறித்துண்டு போடுகிறாள் என்றுகூட மனுஷன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு நடுவே அவருக்குச் சுகர் வேறு. மாத்திரையைத் தோன்றினால் போடுவார், தோன்றாவிட்டால் இல்லை.

தை மாதம் வேலூரிலிருந்து பிரியதர்ஷினி என்கிற பிசியோதெரபி டாக்டர் ஒரு மெஷினோடு வந்தார். வெறுங்காலில் நடக்கிறவர்களின் பாதத்தைப் பற்றி ஆராய்ச்சியாம். மரம் ஏறுகிற ஆள் வேண்டும் என்றதும் யாரோ தாண்டவராயன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். தீர்த்தகிரியை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே வந்து என் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்து பெஞ்சில் வைத்துச் சோதனை. கால் தசைமேல் ஒயர் ஒட்டினார்கள். உள்ளங்காலில் லேசாகக் கரண்ட் வைத்தார்கள், சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்குமாம். தாண்டவராயனுக்கு வைத்ததும் கால் வெடுக்கென்று இழுத்தது, திரையில் கோடு எகிறியது. அடுத்து தீர்த்தகிரி. கால் அசையவில்லை, கோடும் அசையவில்லை. மறுபடி வைத்தார்கள். ம்ஹூம்.

“பாத்தியாடா? உன்னுது துள்ளுது. என்னுது மலை மாதிரி நிக்குது!” மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பென்சில் முனையால் உள்ளங்காலை அழுத்தி, “எங்க தொடறேன்?” என்று கேட்டார்.

“இன்னும் தொடவே இல்லியேம்மா.”

டாக்டர் பென்சிலை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “ஐயா, கிளை வழுக்கிச்சுன்னா பாதத்துத் தோல்ல இருந்து சேதி முதுகுத்தண்டுக்குப் போகும். அங்க இருக்கிற நரம்பு எந்தத் தசையை இறுக்கணும், எதைத் தளர்த்தணும்னு உத்தரவு போடும். உங்க மூளைக்குத் தெரியறதுக்குள்ள கால் தானா சரி பண்ணிக்கும். உங்களுக்குத் தோல்ல இருந்து சேதியே கிளம்பல. இனிமே மரம் ஏறாதீங்க.”

“ஏறி ஏறிக் காய்ச்சுப்போன காலும்மா இது” என்று எழுந்து வந்துவிட்டார். அந்தம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தனக்குத் தெரியும் என்றார் ஜீப்பில். முன்சீட்டில் இருந்த மச்சானை ஒரு முறை முறைத்தார்.

அடுத்து நடந்ததுக்கு எனக்கும் பங்கு உண்டு. துள்ளாத கால் என்றால் உறுதியான கால் என்று ஊரே முடிவு கட்டியது. மெஷின் கோட்டை நேரில் பார்த்த சாட்சியாக இந்த வருடம் யார் ஏறுவது என்று முடிவு செய்கிற ஊர்க்கவுண்டர் முன்னால் என்னை நிறுத்தினார் தீர்த்தகிரி. நானும் பெரிய மனுஷனாட்டம், “ஆமாங்க, கொஞ்சங்கூட அசையல” என்றேன். டாக்டர் சொன்னதை ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே புரியவில்லை. தாண்டவராயன்தான் எழுந்து, “மாமா ஏறக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க” என்றான். கூட்டம் சிரித்தது. மாமன்மேல் பொறாமை என்றார்கள். மரம் தீர்த்தகிரிக்கே போனது.

உலுக்குகிற நாள் காலையில் அவர் விறுவிறுவென்று ஏறினார். வலது காலைப் பார்த்து வைத்தார், இடது காலைப் பார்த்து வைத்தார். முன்னெல்லாம் அவர் காலைப் பார்த்ததே இல்லை. உச்சிக்கிளையில் நின்று முதல் குதி குதித்தார். பொலபொலவென்று புளி கொட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். அவர் கண் கூட்டத்தில் தாண்டவராயனைத் தேடியது.

“மாமா! எடது காலு வெளிய போவுது!” என்று கத்தினான் அவன்.

“இன்னாடா, பயமுறுத்தி எறக்கப் பாக்குறியா?” சிரித்துக்கொண்டே இன்னொரு குதி.

பாதம் பாதிக்குமேல் கிளைக்கு வெளியே இருந்தது. கீழே நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு காலும் சறுக்கின. கையில் பிடித்த மேல்கிளையில் தொங்கினார். சாந்தம்மாள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவருடைய கால்கள் கிளையைத் தேடின. கிளைமேல் பட்டும், பட்டது தெரியாமல் தாண்டிப்போய்த் தேடின.

தாண்டவராயன் எப்படி ஏறினான் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது மாமன் காலைக் கையால் பிடித்துக் கிளைமேல் அழுத்திக்கொண்டிருந்தான்.

“வச்சிட்டேன் மாமா. பாரத்தப் போடு.”

“வச்சிட்டியா?”

“வச்சிட்டேன்.”

கீழே வருகிறவரை ஒவ்வொரு அடிக்கும் அவர் அதையே கேட்டார். இருபத்தோரு வருடம் அந்த மரத்தை ஆட்டி வைத்தவர்.

இரண்டு பேருக்கும் பாதம் கிழிந்திருந்தது. ஜீப்பிலிருந்து டிஞ்சர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். சாந்தம்மாள் அழுதுகொண்டே முதலில் புருஷன் காலில் ஊற்றினாள். வேறு யாருடைய காலுக்கோ ஊற்றுவதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து தம்பி காலில் ஊற்றினாள். சொட்டு பட்டதுதான் தாமதம், கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

“ஸ்ஸ்… எரியுதுக்கா!”

தீர்த்தகிரி நடுங்குகிற அந்தக் காலையே பார்த்தார். பிறகு தன் காலை நீட்டினார். “எனக்கு இன்னொரு தபா ஊத்து சாந்தா.”

ஊற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மிச்சம் இருந்ததையும் ஊற்றச் சொன்னார். பாட்டில் காலியானது.

இத்தனை வருடத்தில் அவர் மச்சானைப் பொறாமையோடு பார்த்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் பார்த்ததுபோல ஒரு தடவையும் இல்லை.

“அவனுக்கு எரியுது பாரு” என்றார்.