வீட்டில் அரைத்த பால்

வண்டியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் உதைத்துப் பார்ப்பது அந்தப் பணிமனையின் வழக்கம். காற்று சரியாக இருந்தால் டயர் காலைத் திருப்பித் தள்ளும். குறைந்திருந்தால் உதையை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். நிதானம் என்று பட்டப்பெயர் வாங்கிய அந்த ஓட்டுநர் இதில் கெட்டிக்காரர். காற்று அளக்கும் கருவி வருவதற்குள் அவர் கால் சொல்லிவிடும். பிற்பாடு ஒரு நாள் எல்லாச் சக்கரமும் சும்மா இருந்தபோது, கோளாறு டயரில்தான் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

அவருடைய தடத்தில் ஓர் இறக்கம் உண்டு. மேட்டுக் குடியிருப்பிலிருந்து கிளம்பும் பேருந்து தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் தலைகுப்புறச் சரியும் சாலையில் திரும்பும். சாலை போய் முடிகிற இடத்தில் காய்கறிச் சந்தை. தள்ளுவண்டிகள், பை தூக்கியவர்கள், நடுச்சாலையில் நின்று பேரம் பேசுகிறவர்கள் என்று அங்கே எந்நேரமும் கூட்டம்தான். அந்த இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாக மிதித்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. அழுத்தி, தளர்த்தி, மறுபடி அழுத்தி, வண்டியைக் கைப்பிள்ளை மாதிரி இறக்க வேண்டும். அவர் இறக்கினால் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்க மாட்டார்கள். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

சில வருடங்களுக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இதயக் குழாயில் அடைப்பு தொடங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். கொழுப்பைக் குறைக்கச் சொன்னதற்கு அவர் இறைச்சி, முட்டை, பால், நெய் அத்தனையையும் ஒரே நாளில் விட்டார். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. அதோடு சமையலறையையும் எடுத்துக்கொண்டார். மனைவி முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைப்பவள். விடிந்தால் பெடலில் காலை வைத்தாள் என்றால் பொழுது சாய்ந்துதான் எடுப்பாள். அடுப்பு கைமாறியதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

"முப்பது வருஷமா நான் சமைச்சப்ப உப்பு இல்ல, புளி இல்லன்னீங்க. இப்ப நீங்களே உப்பு இல்லாம சமைக்கிறீங்க. நான் வாயைத் திறக்கிறேனா பாருங்க" என்பாள்.

"வாயைத் திறந்தாத்தானேம்மா சாப்பிட முடியும்" என்பார் அவர்.

வண்டியைப் பார்த்துக்கொண்டது போலவே அடுப்பையும் பார்த்துக்கொண்டார். பயறு வகைகளை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைப்பார். வெங்காயத்தை எண்ணெயில்லாமல், அடிப்பிடிக்கும் நேரம் பார்த்து ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் தெளித்து வதக்குவார். குழம்பு கெட்டியாக வேண்டுமென்றால் வறுத்த எள்ளும் வெந்த பூசணியும் அரைத்துவிடுவார். கீரையைத் தண்டு தனி, இலை தனி என்று பிரித்துத் தண்டை முதலில் போடுவார். தீட்டாத அரிசியை ஆற அமர வேகவைப்பார். சாப்பிட்டவர்கள் குறை சொன்னதில்லை. அவர் நெஞ்சும் அடங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. வருடா வருடம் பணிமனையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நல்லபடியாக இருந்தது.

பாலுக்கு மட்டும் முதலில் கடையைத்தான் நம்பியிருந்தார். "பால் விட்டுட்டீங்கன்னா பாக்கெட் சோயாப் பால் குடிங்க. அதுல சேர்க்க வேண்டியதைச் சேர்த்திருப்பாங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வேறொரு மருந்தை எழுதிக்கொண்டே, நிமிராமல் சொன்ன வாக்கியம் அது. ஓட்டுநர் அதைக் காப்பியில் ஊற்றும் பாலுக்கு மாற்று என்று எடுத்துக்கொண்டார். சேர்க்க வேண்டியது எது என்று இவர் கேட்கவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

ஒருநாள் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"இங்க பாரு, ஒரு பாலுக்குள்ள எத்தனை பேர் குடியிருக்காங்க. அது சேர்த்தது, இது சேர்த்ததுன்னு. நான் அரைச்சா ரெண்டே பேர்தான். சோயா, தண்ணி."

"எனக்கென்ன, அரைங்க. வடிகட்டத் துணி வேணும்னா தர்றேன்" என்றாள் அவள். வெட்டி மிஞ்சிய மல் துணியில் மடித்துத் தைத்து ஒரு பையும் கொடுத்தாள்.

அன்றிலிருந்து பாக்கெட் அந்த வீட்டுக்குள் வரவில்லை. பச்சை வாடை அடிக்காமல் இருக்கக் கொதிக்கும் தண்ணீர் விட்டு அரைப்பார். பையில் ஊற்றிப் பிழிவார். பொங்கி வழியாமல் பக்கத்திலேயே நின்று காய்ச்சுவார். சக்கையைக்கூட வீணாக்காமல் வெங்காயம் போட்டுத் தட்டிச் சுடுவார். பால் திக்காக, வெள்ளையாக, கடைப்பாலைவிடப் பல மடங்கு ருசியாக இருந்தது. பொடி எழுத்தில் இருந்த அந்தப் பலபேரில் ஒன்று பி12 என்ற வைட்டமின். இறைச்சி, முட்டை, பால் எல்லாம் விட்டவருக்கு அது பயறிலும் கிடைக்காது, கீரையிலும் கிடைக்காது. அவர் சாப்பாட்டில் அது இருந்த ஒரே இடம் அந்தப் பாக்கெட். ஈரலில் சேர்ந்திருக்கும் இருப்பு சில வருடம் தாங்கும். தாங்கியது.

முதலில் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. பிறகு ஊர்வதும் நின்றது, அவர் நிம்மதியானார். ஒருநாள் பணிமனை ஓய்வறையில் ஒரு செருப்பை விட்டுவிட்டு மறு செருப்போடு வண்டி வரைக்கும் நடந்துவிட்டார். நடத்துநர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணே, ஒத்தைச் செருப்போட எங்க கிளம்பிட்டீங்க? அண்ணி கோவத்துல இன்னொன்ன பிடுங்கி வச்சுக்கிட்டாங்களா?"

அவரும் சிரித்தார். ஆனால் செருப்பு எப்போது கழன்றது என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

டயர்கள் உதையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததும் அந்த வாரம்தான். காற்று அளந்து பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகு அவர் சக்கரத்தை உதைப்பதை விட்டு இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு சாய்ந்தது. குளியலறையில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டே குளிக்கப் பழகினார். செருப்பில்லாமல் ஓட்டினால் பிரேக் நன்றாகத் தெரியும் என்று நடத்துநரிடம் சொல்லி, வெறுங்காலோடு ஓட்டினார். உண்மையில் பிரேக்கைக் காதால் ஓட்டிக்கொண்டிருந்தார். மிதிக்கும்போது பிரேக்கில் காற்று சீறும் சத்தம் எவ்வளவு நீளம் என்பதை வைத்து எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டார். மழை நாளில் அந்தச் சத்தம் சரியாகக் கேட்காது. அன்றெல்லாம் இறக்கத்தில் முதல் கியரிலேயே ஊர்ந்தார். "இன்னிக்கு ரொம்பத்தான் நிதானம்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. கால் சரியில்லை என்று தெரிந்தால் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு டிக்கெட் கட்டு அடுக்கும் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த அறைக்குப் போனவர்கள் எவரும் திரும்ப வண்டி ஏறி அவர் பார்த்ததில்லை. வயது ஆகிறது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உடம்பு தேறட்டும் என்று இன்னும் கொஞ்சம் கீரை, இன்னும் ஒரு குவளை பால் சேர்த்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் அவர் சமையலறையிலிருந்து முன்னறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார். மனைவி இயந்திரத்தை நிறுத்தினாள். அவர் குதிகாலில் குண்டூசியின் நீல மணித்தலை ஒன்று மினுங்கியது. ஊசி முழுவதும் உள்ளே இருந்தது.

"எப்ப குத்துச்சு?"

"எது?"

அவள் காலைப் பிடித்து ஊசியை இழுத்தாள். அவர் சந்தைத் தக்காளி அழுகி வருவதைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். ஊசியைக் கண்ணுக்கு நேரே காட்டிய பிறகுதான் பேச்சு நின்றது. சமையலறையிலிருந்து பெஞ்சு வரைக்கும் தரையில் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன.

"எத்தனை நாளா இப்படி?"

"அடுப்புல பால் இருக்கு, பொங்கிடும்."

"பால் கிடக்கட்டும். நான் பெடல்ல கால வச்சுப் பொழைக்கிறவ. கால் தெரியலைன்னா நான் ஒரு மடிப்புத் தைக்க முடியாது. விரல்தான் போகும். நீங்க அந்த இறக்கத்துல எப்படி இறக்குறீங்க?"

"இறக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நாளைக்கு லீவு போடுங்க. டாக்டரம்மாகிட்ட போவோம்."

"இந்த வாரம் ஆள் இல்ல. அடுத்த வாரம் பாப்போம்."

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை, தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். இறக்கத்துக்கு முந்திய நிறுத்தம் அது. ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். கையில் பை இல்லை.

"என்ன அண்ணி, அதிசயமா இருக்கு. எங்க இறங்கணும்?" என்றான் நடத்துநர்.

"கீழதான். உங்க அண்ணன் கொண்டுபோய் விட்டா."

நடத்துநர் சிரித்தான். கண்ணாடியில் அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முன்னால் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நிறைய ஆட்கள். கதவோரம் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கம்பியைப் பிடிக்காமல் நின்றாள்.

விசில் கேட்டது. வண்டி நகர்ந்தது. திருப்பத்தில் சாலை முன்னால் கவிழ்ந்தது. அடியில் சந்தையின் தார்ப்பாய்கள் தெரிந்தன. கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறது என்று அவர் நினைத்தார். எதற்கும் ஒரு தடவை குனிந்து பார்த்தார். ஓடும் வண்டியில் அதற்கு முன் அவர் குனிந்து பார்த்தது இல்லை. கால் பிரேக்கின் மேல் இல்லை. பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் நடுவில், வெறும் தகரத்தின் மேல், பொறுப்பாக அழுத்திக்கொண்டிருந்தது.

அவர் கைப்பிரேக்கை இழுத்தார். வண்டி குலுங்கி, இறக்கத்தின் உதட்டில் நின்றது. குழந்தைக்காரி தடுமாறி யார் தோளையோ பிடித்தாள். இன்ஜினை நிறுத்தினார்.

"என்ன அண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எல்லாரையும் இறக்கிவிடு தம்பி. சக்கரத்துக்குக் கல்லு வை. வேற டிரைவர அனுப்பச் சொல்லு."

கடைசி ஆள் இறங்கிய பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். அவர் எழுந்தபோதுதான் எழுந்தாள்.

டாக்டரம்மா ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அவர் கணுக்கால் எலும்பில் வைத்தார். தெரிகிறதா என்று கேட்டார். எது என்று அவர் கேட்டார். முழங்கால் வரை அதே பதில்தான். பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. பயறு, கீரை, அரிசி, காய் என்று ஒவ்வொன்றாக, ஊறவைப்பதிலிருந்து சொன்னார்.

"பால்? பாக்கெட் சோயாப் பால்தானே குடிக்கிறீங்க?"

"அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு. நானே அரைக்கிறேன். ரெண்டே பேரு, சோயா, தண்ணி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். விஷயத்தைச் சொன்னார். பாக்கெட்டில் சேர்த்திருந்த அந்த பி12 இல்லாவிட்டால் நரம்பின் மேலுறை தேயும் என்றார். ரத்தம் முதலில் கெட்டிருந்தால் பரிசோதனையில் எப்போதோ தெரிந்திருக்கும். நீங்கள் சாப்பிட்ட கீரை ரத்தத்தை மட்டும் நன்றாக வைத்துக்கொண்டு, நரம்பு தேய்ந்ததை மறைத்துவிட்டது என்றார். ஊசி போட்டால் மேலும் கெடாது. போனது திரும்புமா என்றதற்கு, "கொஞ்சம் வரலாம். லேட்டா வந்திருக்கீங்க. பாப்போம்" என்றார். சாப்பாட்டில் எதையும் புதிதாகத் தவிர்க்கச் சொல்லவில்லை. சமையலில் குற்றமில்லை, கூடவே ஒரு மாத்திரை போட்டிருந்தால் போதும், அவ்வளவுதான் குறை என்றார். அதைக் கேட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது அவர் டிக்கெட் கட்டு அறையில் உட்காருகிறார். சமையல் அதே சமையல்தான். பாலும் அரைக்கிறார், பக்கத்தில் மாத்திரைப் புட்டி இருக்கிறது. காலில் உணர்ச்சி திரும்பிவிட்டதென்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால் மறுபடி வண்டி தருவதாகப் பணிமனையில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் தினமும் காலையில் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மனைவி தரையில் உட்கார்ந்து, ஒரு பொத்தானையோ நூல்கட்டையையோ பாதத்தில் வைத்து, தெரிகிறதா என்று கேட்பாள்.

"இப்ப?"

"தெரியல."

"இப்ப?"

"ம். லேசா."

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். இன்றும் உட்கார்ந்தார்கள், டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாள்.

"இப்ப?" என்றாள் அவள்.

"தெரியுது" என்றார் அவர். "குளிர்ச்சியா, வட்டமா. பொத்தான்தானே? நல்லாத் தெரியுது."

பொத்தான் இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

"டாக்டரம்மாகிட்ட நானும் உள்ள வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.