உட்காராத பெண்ணுக்கு அப்பா

ரைஸ் மில்லில் சுவிட்சைத் தட்டினால் மெஷின் நிற்கும். அப்பாவாக இருக்கிற வேலையில் அந்தச் சுவிட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு மில்லில் நெல் அரைத்துக்கொண்டிருந்தேன். என் ஒரே மகள் சுமதிக்கு அப்போது ஒன்பது வயது. அவள் மாதிரிப் பிள்ளைகளுக்கு இன்று டாக்டர்கள் ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். அன்று எங்களிடம் இருந்த பெயர் ‘வாலு’ ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், இதை நீங்கள் நின்றுகொண்டுதான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

மணிக்கயிறு

காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஏரிக்கரை வருவதற்குள் அந்த சீட், முன் சீட், ஒரு பெரியவரின் மடி, யாருடையதோ ஒரு கீரைக்கூடை எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டாள். நான் சில்லறைக்குக் குனிந்த நேரத்தில் சீட்டின் மேல் ஏறி மணிக்கயிற்றை இழுத்தாள். பஸ் நின்றது. ஏரியில் கொக்கு இருக்கிறதாம். கண்டக்டர் சிரித்தார். அடுத்து ஒரு எருமைக்காக பஸ் நின்றது. அப்போதும் சிரித்தார். மூன்றாவது தடவை எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. கண்டக்டர் தன் தோல்பையைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

“நீ டிக்கெட்டு கிழிய்யா. நான் ஒம் பொண்ண புடிச்சிக்கினு ஒக்கார்றேன். எது கஷ்டம்னு பாத்துடலாம்.”

வேப்பிலை

காற்று கருப்பு ஏதாவது இருக்கும் என்று உறவில் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பினேனா, அல்லது பழியை எதன் மேலாவது போட எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்ததா? தென்னேரிப் பக்கம் மந்திரிக்கிறவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் கண்ணை மூடி முணுமுணுத்தார். திறந்தபோது எதிரில் பிள்ளையும் இல்லை, வேப்பிலைக் கொத்தும் இல்லை. வெளியே அவருடைய ஆட்டுக்கு அதை ஊட்டிக்கொண்டிருந்தாள். பிடித்து வந்தேன், மறுபடியும் ஓடினாள். நாலாவது தடவை அவர் விபூதித் தட்டை மூடிவிட்டார்.

“இதும்மேல ஒண்ணும் இல்ல நைனா. இருந்திருந்தாலும் இந்நேரம் களைச்சிப்போயி எறங்கியிருக்கும்.”

கெடு

பள்ளிக்கூடத்து டீச்சர் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். பென்சில் சீவப் போனால் பக்கத்து வகுப்பு வழியாகத்தான் திரும்பி வருகிறாளாம். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்கிறாளாம். பதில் சரியாகவும் இருக்கிறதாம். ஆனால் எழுது என்றால் இரண்டு வரிக்கு மேல் உட்காருவதில்லை. போன வருஷமும் அதனால்தான் மூன்றாம் வகுப்பிலேயே தங்கினாள். டீச்சருக்கு அவள்மேல் கோபம் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பிரியம் இருந்தது. அதனால் நின்று கேட்டுக்கொண்டேன்.

“முழுப் பரீட்சையில ஒக்காந்து எழுதியே ஆகணும். ரெண்டு தடவ தங்கின பொண்ண இந்த ஊர்ல யாரும் மூணாவது தடவ பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச்சி நான் பாத்ததில்ல.”

கட்டில்

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஏழாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகட்டும் என்று அவள் காலைத் துண்டால் கட்டில் காலோடு கட்டிவிட்டு மில்லுக்குப் போனேன். என்னையும் என் அப்பா அடித்துத்தான் உட்காரவைத்தார். உட்கார்ந்து நான் என்ன ஆனேன் என்று அன்று யோசிக்கவில்லை. மதியம் திரும்பினால், கட்டில் வாசற்படியில் குறுக்கே நிற்கிறது. கட்டின காலோடு சுமதி தெருவில் போகிறவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். கணுக்காலில் சிவப்பாக ஒரு வளையம். என் மனைவி பத்மா துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள்.

“கட்டிலு கூட நாலு தப்படி நடந்துட்சி. நீங்கதான் நின்ன எடத்துலயே நிக்கிறீங்க.”

களம்

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை மில்லுக்கே கூட்டிப்போனேன். அவித்த நெல்லை சிமெண்டுக் களத்தில் பரப்பி, பெண்கள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வரிசை வரிசையாகக் கிளறுவார்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி, பிறகு அடுத்த வரிசை. நெல் காயும்வரை நடை நிற்காது. கன்னியம்மா என்கிற வேலைக்காரம்மா பின்னால் சுமதியும் காலைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினாள்.

கொஞ்ச நேரத்தில் ஏதோ குரல் கேட்டது. மெஷினை நிறுத்தினேன். ஏழேழு நாற்பத்தொன்பது என்று ஒரு வரிசை. கோடியில் திரும்பினாள். ஏழெட்டு ஐம்பத்தாறு, அடுத்த வரிசை! தப்பே இல்லை. எட்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டேன். நடந்துகொண்டே சொன்னாள். முதலாளி பார்க்கிறாரா என்றுகூட நினைக்காமல், செருப்பை உதறிவிட்டு நானும் நெல்லில் இறங்கினேன். மூன்று பேரும் நடந்தோம். பதினாறாம் வாய்ப்பாடுவரை போய்விட்டோம். எனக்குத்தான் பாதியில் மறந்துபோனது.

“இது எங்களவிட நல்லா நடக்குதுப்பா. நீ கம்முனு பின்னாடி வா. ஒக்காருன்னு மட்டும் சொல்லிடாத.”

பரீட்சை

மறுநாளே டீச்சரிடம் ஓடினேன். களத்தில் நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னேன். உட்கார்ந்துதான் எழுதவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவ்வளவு தைரியம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. டீச்சர் தாழ்வாரத்துக்குப் போய் ஜன்னல் கட்டையின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

பரீட்சையன்று தாளைத் தாழ்வாரத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். சுமதி நின்றபடி ஒரு கேள்விக்கு எழுதுவாள். கொடிக்கம்பம்வரை போய்த் திரும்பி வந்து அடுத்த கேள்வி. யாரும் வழியில் பதில் சொல்லிவிடக்கூடாதே என்று டீச்சரும் கூடவே நடந்தார். நான் வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொரு நடையையும் எண்ணினேன். எண்ணிக்கை தவறியது. கடைசிக் கேள்விவரை எழுதினாள். டீச்சர் அங்கேயே தாளைத் திருத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு வந்தார்.

“நாலாங்கிளாசுக்குப் போட்டுட்டேன். ஆனா அந்தக் கிளாஸ் வாத்தியாருக்கு முட்டி வலி. அவருகிட்ட நீங்களே போயி சொல்லிக்குங்க.”

உட்கார்ந்து யோசித்து நான் செய்ததெல்லாம் தப்பாகவே முடிந்தது. அவள் பின்னால் ஓடும்போது செய்தவற்றில்தான் ஒன்றிரண்டாவது சரியாக வந்திருக்கின்றன.