அரை முழம் சைக்கிள் டியூப்

கூட்டாளி வீரமுத்துவை எடுத்து ஐந்து நாளாகியும் இன்னாசியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சாவு வீட்டில் ஓரமாக நின்றான். சுடுகாடு வரைக்கும் நடந்தான். திரும்பி வந்து கைகால் கழுவிக்கொண்டு ஷெட்டைத் திறந்தான். மனைவி மார்கரெட் சோறு போட்டால் தின்றான்.

"கொஞ்சம் அழுதுடுய்யா, நெஞ்சு அடைச்சிக்கப் போவுது" என்று சொல்லி, அவள்தான் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் கள்ளக்குறிச்சிக்கு வந்தவன் இன்னாசி. லாரி பட்டறையில் பத்து வருஷம் கரி பூசிக்கொண்டு, பிறகு கச்சிராயபாளையம் ரோட்டில் சொந்தமாகத் தகர ஷெட் போட்டான். இப்போது நாற்பத்து நான்கு வயது. கார் வந்து நின்றால் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டான். இன்ஜினை ஓடவிட்டு, கையை மேலே வைத்துக்கொண்டு கேட்பான். ஓட்டி வந்தவர் நோயை விவரிக்க ஆரம்பித்தால், "இருங்க, அதுவே சொல்லட்டும்" என்பான். அரைகுறை வேலையில் அவன் ஷெட்டைவிட்டு ஒரு வண்டியும் போனதில்லை என்று ஊரில் பேர். வீரமுத்துவின் அம்பாசடர் போகும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். எந்தப் பக்கம் போனாலும் ரோட்டின் குறுக்கே மரம் கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை, கடைகள் பாதி சாத்தியிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியை மட்டும் மறியல்காரர்கள் விட்டார்கள். அதற்குத்தான் வீரமுத்துவின் வாடகைக் கார் ஓடிக்கொண்டிருந்தது.

மறியலின் இரண்டாம் நாள் காலையில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான் வீரமுத்து. இன்ஜின் நின்ற இடத்திலேயே கத்தியது.

"இன்னாடா இது, உன் மாமியா மாதிரி சும்மாவே கத்துது?" என்றான் இன்னாசி.

"அதாச்சும் பரவால்ல, சோறு போட்டா அடங்கிடும். இது காலை எடுத்தாலும் அடங்க மாட்டேங்குதுடா. ரேஸ் ஏறிக்கினே நிக்குது."

திறந்து பார்த்தான். மிதியை விட்டதும் கார்புரேட்டரை இழுத்து மூடும் சின்ன ஸ்பிரிங் முறிந்து கிடந்தது. புதுசு வேண்டுமென்றால் சேலத்துக்குப் போக வேண்டும். சேலத்துக்கு எப்படிப் போவது? பழைய சைக்கிள் டியூபில் அரை முழம் வெட்டி, இரண்டாக மடித்து, ஸ்பிரிங் இருந்த இடத்தில் இழுத்துக் கட்டினான். இன்ஜின் சாதுவாக இறங்கி நின்றது.

"ரோடு தொறந்ததும் ஸ்பிரிங் வாங்கியாறேன். அதுவரைக்கும் டவுனுக்குள்ளயே ஓட்டு. மலை ஏறாத. கீழ சைலன்சர் சூடு ஜாஸ்தி. ரப்பர் இளகிடும்."

"சரிடா சாமி" என்று சிரித்துவிட்டுப் போனான் வீரமுத்து.

நான்காம் நாள் அவன் கல்வராயன் மலைக்குப் போனான். வைத்தியம் முடிந்த ஒரு மலைக்காரப் பிள்ளையையும் அதன் அம்மாவையும் வெள்ளிமலையில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினான். அவன் ஏறிப் போன பிறகு மலையடிவாரத்தில் புதிதாக ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கார் அதில் போய் மோதியது. ஸ்டீயரிங் நெஞ்சில் இறங்கி, அங்கேயே முடிந்துவிட்டது.

மரத்தை வெட்டியவர்கள் என்று போலீஸ் மூன்று பேரைப் பிடித்தது. அதில் ஒருவன் வெங்கடேசன். வீரமுத்துவின் மனைவி ராணியம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி. தாலி அறுத்த வீட்டில் தம்பியையும் கொலைக் கேஸில் பறிகொடுக்கப் போகிறாள் என்று ஊரே உச்சுக்கொட்டியது.

வீரமுத்துவை எடுத்த ஐந்தாம் நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. விழுப்புரத்திலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார், விபத்து வண்டியைச் சோதித்து எழுதித் தர வேண்டும், கழற்றிக் காட்ட மெக்கானிக் வேண்டும் என்றான் போலீஸ்காரன். வண்டியில் பழுது இல்லை என்று அவர் எழுதிவிட்டால் கேஸ் முழுதாக அந்த மூன்று பேர் தலையில் விடியும். அதையும் அவனே சொன்னான்.

மார்கரெட்டுக்கு மட்டும் டியூப் கட்டிய விஷயம் தெரியும். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போய் கழட்டிக் குடுத்துட்டு வாயை மூடிக்கினு வந்துடு. இந்தச் சண்டையில நாம இல்ல. மரத்தை வெட்டுனது நீயா?"

அவன் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான்.

ஸ்டேஷன் முற்றத்தில் கார் நின்றது. முகம் நசுங்கி, ரேடியேட்டர் உள்ளே குழிந்து, ஒரு விளக்கு கம்பியில் தொங்கியது. பிரேக் இன்ஸ்பெக்டர் நரைத்த தலைக்காரர், கையில் அட்டை வைத்த பேப்பர். வாசலுக்கு வெளியே ராணியம்மாள் அடுக்குத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். இன்னாசி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தண்ணி இல்ல, ஒரு நிமிஷம்தான் ஓட்டலாம். ஸ்டார்ட் பண்ணுப்பா."

நசுங்கிய பானெட்டை நெம்பித் தூக்கிவிட்டு, பேட்டரி ஒயரைப் பொருத்தி, சாவியைத் திருகினான். இன்ஜின் பிடித்தது. பிடித்ததும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல அலறியது. மிதியில் யாரும் கால் வைக்கவில்லை. சாவியை அணைத்தான்.

"சோக் இழுத்த மேனிக்கு நிக்குதா பார்" என்றார் அவர்.

சோக் உள்ளே சரியாக அமர்ந்திருந்தது. கார்புரேட்டரில் ஐடில் திருகாணியைப் பார்த்தான். அவனே வைத்த அளவில் அப்படியே இருந்தது. எங்காவது காற்று இழுக்கிறதா என்று, மறுபடி ஓடவிட்டு கேஸ்கட் ஓரத்தில் தண்ணீர் தெளித்தான். சத்தம் மாறவில்லை. கேஸ்கட்டாவது கிழிந்திருக்கக் கூடாதா என்று அவன் மனசு ஒரு நொடி கெஞ்சியது. அப்புறம் அதுவும் அடங்கிப்போயிற்று. ஐந்து நாளாக உள்ளே இருந்த மரப்பு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

கார்புரேட்டரைத் திறந்து மூடும் கையை விரலால் தள்ளினான். தள்ளிய இடத்திலேயே நின்றது. இழுத்துவர அங்கே ஒன்றும் இல்லை. கீழே சைலன்சர் குழாயின்மேல், கருப்பாக ஒரு பிசின், நாலு விரல் நீளத்துக்கு ஒட்டிக் காய்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "இடிச்ச வேகத்துல ராடு வளைஞ்சி மாட்டியிருக்கும். அதான் ரேஸு. விபத்தால் ஏற்பட்ட சேதம்னு எழுதிடறேன். மத்தபடி வண்டி நல்லா இருந்திருக்கு. இன்னா சொல்றே?"

எவ்வளவு சுலபமாக வழி திறந்துவிட்டார்! தலையை ஆட்டினால் போதும். வீட்டுக்குப் போய் மத்தியானச் சோறு தின்னலாம். அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ராடு வளையலைங்க" என்றான் இன்னாசி. அவனுடைய குரல் அவனுக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "நேரா இருக்குது பாருங்க. இங்க ஒரு ஸ்பிரிங் இருக்கணும். நான் போடல. சைக்கிள் டியூபைக் கட்டி அனுப்பினேன். அதோ, உருகி ஒட்டிக்கினு இருக்குது."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். நிழலில் நின்றிருந்த எஸ்.ஐ. பக்கத்தில் வந்தார்.

"இன்னாய்யா ஒளர்ற? அவன் பிரேக்கைப் போட்டிருப்பானே?"

"போட்டிருப்பான் சார். இறக்கத்துல இன்ஜின் தள்ளிக்கினே இருந்தா பிரேக் எவ்வளோ நேரம் தாங்கும்? பின் டிரம்மைக் கழட்டிப் பாருங்க, கருகி இருக்கும்."

கழற்றினார்கள். கருகித்தான் இருந்தது.

"மரம் எவ்வளவு தூரத்துல தெரியும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நல்லா தெரியும். ஒரு பர்லாங்கு இருக்கும். வண்டி சரியா இருந்தா நிறுத்தியிருக்கலாம்" என்றார் எஸ்.ஐ. பிறகு இன்னாசியைப் பார்த்து, "நீ சொல்றது உன் தலையிலதான் விடியும். தெரியுதா?" என்றார்.

"தெரியுதுங்க."

"மரம் போட்டதும் தப்புதான். அந்தக் கேஸு இருக்கும். ஆனா கொலைன்னு நிக்காது." இன்ஸ்பெக்டர் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். வாக்குமூலம் வாங்கும்வரை எங்கும் போகக் கூடாது என்று எஸ்.ஐ. அவனை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

எல்லாம் வாசலுக்குக் கேட்டிருந்தது. ராணியம்மாள் எழுந்து உள்ளே வந்தாள். போலீஸ்காரன் தடுக்கவில்லை. அவள் அடிப்பாள் என்று நினைத்தான் இன்னாசி. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். முகத்தைத் தூக்கிக் காட்டினான்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த ரப்பரு வெசயம் அவருக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா. மலை ஏறாதன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

"அப்ப தெரிஞ்சேதான் போயிருக்காரு."

"ஆமாம்மா."

"அந்தப் பொம்பளை காலைப் புடிச்சிருப்பா. புள்ளையத் தூக்கிக்கினு எப்படி நடப்பேன்னு அழுதிருப்பா." அவள் தன் வீட்டுக்காரனைக் கண்ணெதிரே பார்ப்பதுபோலச் சுவரைப் பார்த்தாள். "அவரு போவாரு. யார் சொன்னாலும் போவாரு."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நாசமாப் போ என்றும் சொல்லவில்லை. தூக்கைப் போலீஸ்காரனிடம் நீட்டினாள்.

"என் தம்பிக்குக் கொண்டாந்தது. ரெண்டு பேருக்கும் போடுங்க."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மதியம் வெங்கடேசனை வராந்தாவில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன். இன்னாசியைப் பார்த்தான். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். தூக்கின் மூடியில் அவனும், அடியில் இன்னாசியும் தின்றார்கள். குழம்பில் உப்பு இருந்ததா, காரம் இருந்ததா, இன்னாசிக்குத் தெரியவில்லை. உருண்டை உருண்டையாக உள்ளே போயிற்று. பாதியில் எஸ்.ஐ. கூப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட எழுந்து போனான்.