எந்தப் புதுக்காடு?

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்று. மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஹட்டனில் எங்கள் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வந்த ஒரு போனை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் மெக்கானிக். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, மலைநாடு பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். ஓட்டுவது அவர்கள். எந்த ரோட்டில் போக வேண்டும், ராத்திரி எங்கே நிறுத்தித் தூங்க வேண்டும் என்று திட்டம் போட்டுத் தாளில் எழுதிக் கொடுப்பது நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை மறைப்பானேன்? எந்தத் தேயிலைத் தோட்டத்து கிரவுண்டில் வேன் நிற்கலாம், எந்தத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், எந்தக் கோயில் பைப்பில் தண்ணீர் வரும், எந்த வளைவில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது எல்லாம் எனக்கு அத்துப்படி. பஸ்ஸிலோ நடந்தோ நானே போய்ப் பார்க்காத இடத்தை எழுத மாட்டேன். “போனில் இருக்கிற மேப்பை விட என் தாளை நம்புங்கள்” என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வேன்.

அன்றைக்கு வேனைக் கொண்டுபோயிருந்தது யாழ்ப்பாணத்து இளம் தம்பதி, நாலு மாதக் கைக்குழந்தையோடு. குழந்தையின் அப்பா சமதரையில் ஓட்டிப் பழகியவர். மலை ரோடு புதிது என்று தயங்கினார். நான்தான் தைரியம் சொல்லி, லேசான வழியாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் நுவரெலியா. மறுநாள் தலவாக்கலையில் திரும்பி, பூண்டுலோயா பக்கம் ஒரு தோட்டம். தாளில் ‘கோயிலடியில் திரும்பவும், புதுக்காடு கிரவுண்ட்’ என்று எழுதியிருந்தேன்.

போனில் பேசியது அவர்தான். “அக்கா, விசாரிச்சு விசாரிச்சு வந்து கோயிலடியாலை புதுக்காட்டுக்குத் திரும்பிட்டம். ஒரே புகாரா இருக்கு, முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை. மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறம்.” மூடுபனியைத்தான் அவர் புகார் என்றார். அதோடு லைன் வெட்டிவிட்டது.

சரி, போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று போனை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. இறங்குகிறார்களா? நான் சொன்ன புதுக்காட்டுக்கு இறக்கமே கிடையாதே! மெயின் ரோட்டிலிருந்து கிரவுண்ட் வரைக்கும் ஏற்றம்தான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டங்களுக்கு ஆபீசில் ஒரு பேர், நம்முடைய சனங்கள் கூப்பிடுகிற பேர் இன்னொன்று. அந்தக் காலத்தில் காட்டை வெட்டிப் புதிதாகத் தேயிலை போட்ட இடத்தையெல்லாம் புதுக்காடு என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். தோண்டிப் பார்த்தால் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு புதுக்காடு இருக்கும். ஆனால் நான் பிறந்து வளர்ந்தது அந்த மேட்டுப் புதுக்காட்டில். மற்றதெல்லாம் தெரிந்திருந்தும், எனக்கு உலகத்திலேயே புதுக்காடு என்றால் அது ஒன்றுதான். ஆபீஸ் பேரை எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. இன்னொரு புதுக்காடு அதே ரோட்டில் மூன்று மைல் முன்னாலேயே, கீழே பள்ளத்தில் இருக்கிறது. அங்கேயும் திரும்புகிற இடத்தில் கோயில். கோயில் இல்லாத சந்தி எங்கள் மலையில் எங்கே இருக்கிறது?

வழி தவறியிருந்தால் மட்டும் பரவாயில்லை. அந்தக் கீழ்ப் புதுக்காட்டு ரோட்டில் ஓர் ஓடைப் பாலம் முந்தின மழையில் உடைந்து விழுந்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் நானே போய்ப் பார்த்து, அந்தப் பக்கம் யாரையும் அனுப்பக் கூடாது என்று குறித்து வைத்தவள். ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கிலைத் தவிரத் தடுப்பு எதுவும் இல்லை. கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். முன்னுக்கு ஒன்றும் தெரியாத மூடுபனியில் ஒரு கைக்குழந்தையை அங்கே அனுப்பியிருக்கிறேன்.

அவருக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். கவரேஜ் இல்லை. என் கணவர் வண்டிச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். போலீசுக்கு அடித்தால் எந்தப் புதுக்காடு என்று விளங்க வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பைத்தியம் பிடித்தவள் போல போனில் இருந்த பேர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பெரியம்மா மகள் பேர் வந்தது. அந்த அக்கா வாழ்க்கைப்பட்டுப் போனது கீழ்ப் புதுக்காட்டுக்கு. அங்கேதான் கொழுந்து எடுக்கிறார்.

இரண்டாவது தடவைதான் எடுத்தார். “என்னாடி இது, வேல நேரத்துல? கங்காணி பாத்துக்கிட்டு நிக்கிறாரு.”

“அக்கா, பாலம் ஒடஞ்ச ரோட்டுல எங்க வேன் எறங்குதுக்கா. கைப்புள்ள இருக்கு. எப்பிடியாவது நிப்பாட்டுங்க!”

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. போனை அணைக்காமலே கொழுந்துப் பைக்குள் போட்டுவிட்டார் போலிருக்கிறது, தேயிலைச் செடி உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டது அக்காவின் குரல். அக்கா இருந்தால் கல்யாண வீட்டுக்கு மைக் செட் வேண்டாம் என்று நாங்கள் கேலி செய்வது வழக்கம். அந்தக் குரல்.

“கீழ நிக்கிறவளுகளா! ரோட்டுல வேன் வருது, மறிங்கடீ!”

அதை இன்னொரு குரல் வாங்கிக் கத்தியது. அதற்கும் கீழே இன்னொன்று. மலைச் சரிவில் கத்தல் இறங்கிப் போகப் போக வார்த்தையெல்லாம் தேய்ந்து “மறி, மறி” என்பது மட்டும் கேட்டது. நடுவில் ஓர் ஆம்பளைச் சத்தம். ஐயோ, கங்காணி ஏசுகிறாரே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஓடுகிற இரைச்சலும் மூச்சு வாங்குகிற சத்தமும்தான்.

சுவரில் இருந்த மணிக்கூட்டின்படி ஏழு நிமிடம். குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் கூப்பிடாத சாமி இல்லை. இனிமேல் இந்தத் தொழிலே வேண்டாம் என்று சத்தியம் கூடச் செய்தேன். அப்போது போனில் தூரத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நான் வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு பிள்ளை அழுகிறது என்று சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான். கண்ணீர் ஒரு பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது.

“நின்னுருச்சுடி,” என்றார் அக்கா, மூச்சிரைக்க. “பாலத்துக்கு இன்னும் ரெண்டு வேன் நீளந்தான் இருந்துச்சு. எல்லாரும் நல்லா இருக்காங்க. நீ அழுவாத.”

கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, மாறி, நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி ஆகப்போகிற நேரம். நடந்ததை அங்கேதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். அடி மலையில் நின்ற ஆறு பெண்கள் சரிவில் குதித்து இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து வீசிக்கொண்டு ரோட்டின் குறுக்கே நின்றிருக்கிறார்கள். பனிக்குள் உருவம் உருவமாகத் தெரியவும் வேனை ஓட்டியவர் பயந்து பிரேக் அடித்திருக்கிறார். கங்காணியும் ஏசவில்லையாம். பாலம் உடைந்தது தெரிந்த மனிதர், எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தியது அவர்தானாம். அவரே பின்னால் நடந்து, வேனைத் தட்டித் தட்டிப் பின்னுக்கு எடுக்க வைத்து, கோயில் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

குழந்தையின் அம்மா, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அக்காவின் வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். குழந்தை மடிக்கு மடி மாறி, யாரோ ஒருவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தையின் அப்பா என்னை ஏசியிருந்தால் கூட மனது ஆறியிருக்கும். “இதுதான் புதுக்காடு எண்டு கேட்ட ஆக்கள் எல்லாரும் சொன்னவை, அக்கா,” என்று அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

“அவங்க சரியாத்தாங்க சொல்லியிருக்காங்க. நான் எழுதுனதுதான் தப்பு. மன்னிச்சுக்கிருங்க,” என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

அக்கா சும்மா விடுவாரா? “நீ பொறந்த எடத்துக்கு மட்டுந்தான் பேரு வச்சாங்கன்னு நெனச்சியா?” என்றார். லயமே சிரித்தது. குழந்தையின் அம்மாவும் அப்போதுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது.

செய்த சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை, தொழிலை விடவில்லை. ஆனால் இப்போது என் தாளில் ஆபீஸ் பேர், நம் பேர், ஏற்றமா இறக்கமா என்பது மூன்றும் இருக்கும். ரோட்டைப் பார்த்த மாதிரி வேலை செய்கிற ஓர் ஆளின் போன் நம்பரும் இருக்கும். என்னைத் தவிர வேறு யாரிடமாவது ஒரு தடவை படித்துக் காட்டாமல் யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த ஆறு பேரில் இரண்டு பேரைத்தான் அன்றைக்குப் பார்த்துக் கையைப் பிடித்து நன்றி சொல்ல முடிந்தது. மற்ற நாலு பேரும் வேன் நின்றதும் பாதியில் விட்டுவந்த தேயிலை நிரையைப் பிடிக்க மலையேறிப் போய்விட்டார்களாம். இன்றைக்கும் யாராவது வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினால், “வந்து சேந்துட்டோம்” என்று அவர்கள் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்காது. சொன்னதும், முகம் தெரியாத அந்த நாலு பேருக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.